தோட்டத்து மரப்பாலம்: ஓர் ஆய்வு நாட்குறிப்பு

ஜனவரி 5

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து மூட்டைகளைத் தள்ளுவண்டியில் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக முற்காலத்தில் போட்ட சிறு தண்டவாளப் பாதை அங்கே ஓர் ஓடையை மரப்பாலத்தின் மீது கடக்கிறது. தண்டவாளத்தை என்றோ கழற்றிவிட்டார்கள். பாலம் மட்டும் நிற்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் நாள்தோறும் அதன் மேல்தான் நடக்கிறார்கள். இனி அதில் ஒரு சிறு டிராக்டரை விடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.

மூன்று கண்கள் (தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதிகள்), ஒவ்வொன்றும் 4.8 மீட்டர். ஒரு கண்ணுக்கு இரண்டு விட்டங்கள், 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். நடுவில் மரக்கால்கள், இரு கரையிலும் கல் கட்டுமானம். நூல் பிடித்துப் பார்த்ததில் எந்த விட்டமும் 1 செ.மீ.க்கு மேல் தொய்ந்திருக்கவில்லை. தொய்வு இல்லை என்பதற்காகப் பாலம் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

ஜனவரி 6

இன்று முழுவதும் சுத்தியலும் கூர் ஊசியும்தான். உடன் வந்த ஆசாரி, “நடுவுல நின்னு குதிச்சே பாத்துட்டேன் சார், அசையவே இல்ல” என்றார். அவர் சொன்னது சரிதான். நடுப்பகுதியைத் தட்டினால் கணீரென்று கேட்கிறது. ஊசியைக் குத்தி நெம்பினால் நீண்ட சிராயாக நாரோடு பிரிந்து வருகிறது. நல்ல மரம் அப்படித்தான் பிரியும். கெட்ட மரத்தில் சிராய் நீளாது. ரஸ்க் ஒடிவதுபோல் குறுக்கே பட்டென்று ஒடிந்துவிடும்.

விட்டங்களின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் வெடிப்புகளைக் காட்டி மேற்பார்வையாளர் கவலைப்பட்டார். அவற்றில் பெரும்பாலானவை மரம் காயும்போது விட்ட வெடிப்புகள். இழையோடு ஓடும்வரை அஞ்ச வேண்டியதில்லை. முனைக்கு அருகே, உயரத்தின் நடுமட்டத்தில் ஓடும் வெடிப்பை மட்டும் சும்மா விடக் கூடாது. கிழக்குக் கரையில் அப்படி ஒன்று இருக்கிறது.

மேட்டுப்பாளையம்–உதகை இருப்புப்பாதையில் சுமார் 46 கி.மீ.க்குள் 250 பாலங்கள் உண்டு. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் திறந்த பாதை அது. நான் அங்கே பணியாற்றிய காலத்தில் எங்களுக்கு மரம் என்றால் கர்டரின் (இரும்பு விட்டத்தின்) மேல் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைதான். அந்தக் கட்டைகளும் வெயில் படும் மேல்முகத்தில் கெடுவதைவிட, தண்டவாளம் அமர்ந்த இடத்திலும் கொக்கி போல்ட்டின் துளையிலும்தான் முதலில் கெடும். நீர் எங்கே போய் வெளியேற வழியில்லாமல் தங்குகிறதோ அங்கே தேடு என்பதை அந்தக் கட்டைகள்தாம் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

மாலையில் கொழுந்துக் கூடையோடு கடந்த ஓர் அம்மா கிழக்கு முனையில் நின்று, “மழை நாள்ல இந்த ஓரத்துல கால் வச்சா பலகைக்கு அடியிலருந்து தண்ணி பொங்கும் சார்” என்றார். இரண்டு நாள்களில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல் இதுதான்.

ஜனவரி 8

கிழக்குக் கரையில் விட்டத்தின் முனையை மூடியிருந்த மண்ணையும் மக்கிய சருகையும் வாரி அகற்றினோம். ஈரமானியில் நடுப்பகுதி 16 சதவீதம், முனை 31 சதவீதம். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை அழுகச்செய்யும் பூஞ்சை வளர்வதில்லை. வடகிழக்குப் பருவமழை நின்று, பகல் வெயில் நன்றாகவே அடிக்கும் இந்த மாதத்திலும் 31 என்றால், ஐப்பசி கார்த்திகையில் அந்த முனை நீரில் ஊறியே கிடந்திருக்க வேண்டும்.

பிறகு தமர் என்னும் மெல்லிய துளைக் கருவியால் துளையிட்டோம். முதல் 5 செ.மீ. வரை சுருள் சுருளாக வெளிர்ந்த சீவல் வந்தது; மரம் கெடாமலிருக்க ஊட்டிய தார் எண்ணெயின் வாடைகூடப் போகவில்லை. அதன் பிறகு ஆசாரியின் கை சட்டென்று உள்ளே போனது. காப்பிச் சக்கை போன்ற ஈரத்தூள், காளான் வாசனையோடு, துளையின் வாயில் வழிந்தது. எண்ணெய் ஊறிய வெளித்தோல் கெடாமல் நிற்க, உள்ளே சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள பொந்து. நான்கு இடங்களில் துளையிட்டதில் அந்தப் பொந்து முனையிலிருந்து 70 செ.மீ. வரை நீள்வது தெரிந்தது; அதில் கல்லின் மேல் அமர்ந்திருப்பது 40 செ.மீ. மட்டுமே. துளைகளை எண்ணெயில் ஊறிய முளைகளால் அடைத்துவிட்டே எழுந்தோம். ஆய்வுக்காக இட்ட துளையே நாளைக்கு நீர் புகும் வழியாகிவிடக் கூடாது.

ஜனவரி 9

கணக்கு எளிது. அந்தப் பொந்து உயரத்தின் நடுவில் இருப்பதால், வளைவைத் தாங்கும் திறனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத்தான் விட்டம் இழந்திருக்கிறது. ஆசாரி குதித்தும் பாலம் அசையாததற்குக் காரணம் அதுவே. ஆனால் சுமையின் வெட்டுவிசை (இழைகளை ஒன்றன்மேல் ஒன்று நழுவச்செய்யும் விசை) விட்டம் அமரும் தாங்கிக்கு அருகில்தான் மிகுதி, அதுவும் உயரத்தின் நடுமட்டத்தில்தான் உச்சம். அங்கே 20 செ.மீ. அகலத்தில் 10 செ.மீ.தான் மிஞ்சியிருக்கிறது. போதாக்குறைக்கு அதே மட்டத்தில் அந்த வெடிப்பு. இழையை ஒட்டிப் பிளக்கும் மரம் தொய்ந்து எச்சரிப்பதில்லை. ஒரே நொடியில் பிளந்துவிடும். இதை எழுதும்போது, மூட்டையோடு நாள்தோறும் அந்த முனையில் கால் வைப்பவர்கள்தாம் என் கண்முன் நின்றார்கள்.

ஜனவரி 12

டிராக்டர் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழுது பார்த்த பிறகும் கூடாது. நடப்பதையும் இன்றே நிறுத்தச் சொன்னேன். கால் மணி நேரம் சுற்று என்று மேற்பார்வையாளர் தயங்கினார். கரையிலிருந்து 1 மீட்டர் உள்ளே, மரம் கெட்டியாக உள்ள இடத்தில், புதிய கால்சட்டம் நிறுத்தி விட்டத்தை அதன் மேல் ஏற்றிவிட்டால் கெட்ட முனை சுமையிலிருந்து விடுபடும் என்றும், அதற்கு ஒரு வாரம் போதும் என்றும் விளக்கியபின் ஒப்புக்கொண்டார். முனைகளைச் சுற்றி இனி மண் சேராமல் காற்றோட்டம் விட வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் துளையிட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கிளம்பும்போது ஆசாரி பாலத்தின் இரு வாயிலும் குறுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தார். மேற்கு வாயிலில், பிள்ளைகள் குனிந்து நுழையாதபடி, இன்னொரு கம்பைத் தாழ்வாகக் கட்டச் சொன்னேன்.