லெ லோக்ல் ஊரில் ஒரு பரண்

சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்ட சிறிய ரயில், மலையேறத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஷாம்ப்ரெலியன் என்னும் நிலையத்தில் நின்றது. அங்கே மலைச்சரிவில் தண்டவாளம் வளைந்து திரும்ப இடமில்லை. அதனால் ஓட்டுநர் இறங்கி வண்டியின் மறுமுனைக்கு நடந்துபோய் அமர்ந்து, வந்த திசைக்கு எதிராக மேலே ஓட்டிச் செல்கிறார். அதுவரை முன்னோக்கி அமர்ந்திருந்த நான் பின்னோக்கிப் பயணம் செய்பவனாகிவிட்டேன். ஏரி கீழே சுருங்கிக்கொண்டே போக, ஊசியிலை மரங்களுக்கிடையே பனி தெரியத் தொடங்கியது. லா ஷோ-த-ஃபோன் நகரத்தைக் கடந்து லெ லோக்லில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. ஜெனித் கடிகாரத் தொழிற்சாலையின் பரணைப் பார்ப்பதற்காகவே நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அதற்கான காரணம் திருச்சியில் இருக்கிறது. என் தந்தையார் கட்டியிருந்த பழைய சுவிஸ் சாவிக் கடிகாரம் அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. ஒருநாள் கைதவறிக் கீழே விழுந்து நின்றுபோனதும், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் ஐம்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்த்துவரும் பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் அழைப்பேன். கண்ணில் இடுக்கிய லென்ஸோடு உள்ளே பார்த்தவர், "பேலன்ஸ் தண்டு ஒடிஞ்சிருக்கு தம்பி. இந்த மிஷினுக்குச் சாமான் வர்றது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. பேர் பெரிய பேர்தான், செய்யுறவன் இல்லையே" என்றார். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. ஒரு கடிகாரத்தின் மதிப்பு முகப்பில் அச்சிட்ட பெயரில் இருக்கிறதா, அந்தப் பெயருக்குப் பின்னால் அதைச் செய்யத் தெரிந்த கைகளில் இருக்கிறதா என்ற கேள்வியோடு படிக்கத் தொடங்கியபோதுதான் ஜெனித்தின் கதை எனக்குத் தெரியவந்தது.

லெ லோக்ல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில், இரு மலைச்சரிவுகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கும் சிற்றூர். குளிர்காலம் நீண்டது, பயிர்செய்ய நிலம் போதாது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பகுதியின் உழவர் குடும்பங்கள் பனிக்காலத்தில் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்து கடிகார உறுப்புகளைச் செய்து பிழைத்தன. இந்தத் தொழிலை இங்கே ஊன்றியவராக மதிக்கப்படும் தானியேல் ஜான்ரிஷாருக்கு ஊரில் ஒரு சிலையும் உண்டு. வீடுகளை நிமிர்ந்து பார்த்தால் மேல்மாடிகளில் வரிசை வரிசையாகச் சன்னல்கள்; ஊரே வெளிச்சத்துக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அப்போது புரிகிறது. லா ஷோ-த-ஃபோன் முழுவதையும் ஒரே கடிகாரத் தொழிற்சாலையாகக் கருதலாம் என்று கார்ல் மார்க்ஸ் தம் மூலதனத்தில் எழுதினார். 2009இல் யுனெஸ்கோ இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது.

வீடு வீடாகப் பிரிந்துகிடந்த அந்த வேலைகளை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவர நினைத்தவர் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோ. 1865இல் இந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 22. பிற்காலத்தில் அவர் தமக்கென ஒரு மாளிகை கட்ட விரும்பி, அப்போது இருபத்தைந்து வயதைக்கூட முழுதாகத் தாண்டாத ஓர் இளைஞரிடம் அந்தப் பணியை ஒப்படைத்தார். லா ஷோ-த-ஃபோனில் கடிகார முகப்புக்கு எனாமல் பூசும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அந்த இளைஞர்தான், பின்னாளில் சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்புசியே. அந்த மாளிகை இன்றும் லெ லோக்லில் நிற்கிறது. நம் நாட்டோடு ஜெனித்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. காந்தியடிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த பைக்கடிகாரம் ஜெனித்தான். 2009 மார்ச் மாதத்தில் நியூயார்க்கில் அந்தக் கடிகாரமும் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவையும் ஏலம் விடப்பட்டபோது, மொத்தமாக 18 லட்சம் டாலருக்குப் போயின. ஆனால் அந்த விலை காந்திக்குக் கொடுத்த விலை. கடிகாரம் செய்தவருக்குக் கொடுத்தது அல்ல. ஜெனித்துக்கே உரிய பெருமையை வேறிடத்தில் தேட வேண்டும். நூஷாத்தெல் வானாய்வகம் ஆண்டுதோறும் நடத்திய துல்லியப் போட்டியில், 135 என்னும் எண் கொண்ட ஜெனித்தின் இயந்திரம் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் முதற்பரிசு பெற்றது. கடிகாரக்காரர்கள் மதிக்கும் பெயர் அப்படித்தான் உண்டாகிறது.

1969 ஜனவரியில் ஜெனித் எல் ப்ரிமெரோ என்னும் புதிய கடிகார இயந்திரத்தை அறிவித்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு 'முதலாவது' என்று பொருள். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும் கடிகாரத்துக்குள், வேண்டும்போது நொடிகளை அளந்து நிறுத்தும் குரோனோகிராஃப் பொறியையும் இணைப்பது அதுவரை எவருக்கும் கைகூடவில்லை. அந்த ஆண்டில் மூன்று தரப்பினர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அதைச் சாதித்தனர். ஆனால் எல் ப்ரிமெரோவைப் போல வேகமாகத் துடித்தது வேறொன்றில்லை. என் தந்தையார் கட்டியிருந்தது போன்ற பழைய கடிகாரங்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடிக்கும்; இது மணிக்கு 36,000 முறை, அதாவது நொடிக்குப் பத்து முறை துடித்தது. அதனால் நொடியில் பத்தில் ஒரு பங்கை அளக்க முடிந்தது. பாயின் கடையில் நான் கேட்டுப் பழகிய டிக் டிக் ஓசை இதில் இல்லை. காதருகே வைத்தால், தூரத்தில் தையல் இயந்திரம் ஓடுவது போன்ற ஒரு விரைந்த முணுமுணுப்புத்தான் கேட்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் டோக்கியோவில் சீக்கோ நிறுவனம், மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் வகையில் உலகின் முதல் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. பிறகு நடந்தது சுவிட்சர்லாந்து இன்றும் மறக்காத துயரம். 1970 வாக்கில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் எஞ்சியவர்கள் 30,000 பேர் அளவுக்கே. ஜெனித்தும் 1970களின் தொடக்கத்தில், தற்செயலாக அதே பெயர் கொண்ட சிகாகோ வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. இனி குவார்ட்ஸ்தான் எதிர்காலம், இயந்திரக் கடிகாரம் வேண்டாம், அதற்கான கருவிகளைப் பழைய உலோகமாக விற்றுவிடலாம் என்று 1975இல் மேலிடம் முடிவெடுத்தது. அந்த முடிவை எடுத்தவர்களை இன்று குறைசொல்வது எளிது. ஆனால் அன்றைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்த எவருக்கும் அதுவே அறிவுடைய செயலாகத் தோன்றியிருக்கும்.

குரோனோகிராஃப் பட்டறையின் மேற்பார்வையாளர் ஷார்ல் வெர்மோ அதை ஏற்கவில்லை. நிர்வாகத்துக்கு எழுதிப் பார்த்தார், பலனில்லை. அதன்பின், வேலை நேரம் முடிந்த பிறகு, உறுப்புகளை வெட்டியெடுக்கும் அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் கேம் (cam) என்னும் தகடுகளையும் சிறிது சிறிதாகப் பரணுக்கு ஏற்றினார். எது எந்த வேலைக்கு, எந்த வரிசையில் பயன்படும் என்பதை எழுதியும் வைத்தார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இந்த எழுதிவைத்த செயலைத்தான். ஆத்திரத்தில் ஒரு பொருளை ஒளித்துவைக்கப் பலராலும் முடியும். தான் இல்லாத காலத்தில் வேறொருவர் வந்து அதைக் கையிலெடுத்து வேலையைத் தொடங்க வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொன்றையும் அடையாளப்படுத்தி வைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

முன்பதிவு செய்துகொண்டவர்களுக்கு அந்தப் பரணைக் காட்டுகிறார்கள். எங்களை அழைத்துச் சென்ற பெண்மணி, மேலே போகும் மரப்படியில் தலையை இடித்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தார். உள்ளே சாய்ந்த கூரை, மரத்தூண்கள், பழைய எண்ணெய் வாசம். மர அடுக்குகளில் வட்டத் தகடுகள் நெருக்கமாகச் செருகப்பட்டிருந்தன. விளிம்பில் ஒழுங்கற்ற பள்ளங்களும் மேடுகளும் கொண்ட ஒவ்வொரு தகடும் இயந்திரத்தை வழிநடத்தும் ஒரு கேம். அந்தப் பள்ளமும் மேடும்தான் ஒரு உறுப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு தகட்டின் அருகே குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறுத்த எஃகு. அதன் மேல் வெள்ளை மையில் ஓர் எண். எழுதியவர் அவசரப்படவில்லை என்பது கையெழுத்திலேயே தெரிந்தது.

1978இல் நிறுவனம் மீண்டும் சுவிஸ் கைகளுக்கு வந்தது. இயந்திரக் கடிகாரத்தின் மீது மக்களுக்கு ஆசை திரும்பியபோது, குரோனோகிராஃப் இயந்திரத்துக்குக் கடிகார நிறுவனங்கள் ஆலாய்ப் பறந்தன. பரணிலிருந்து கருவிகள் கீழே இறங்கின. 1984இல் எல் ப்ரிமெரோ உற்பத்தி மீண்டும் தொடங்கியது. அடுத்து வந்த வாடிக்கையாளர் ரோலெக்ஸ். துடிப்பை மணிக்கு 28,800 ஆகக் குறைத்து, வேறு பல மாற்றங்களையும் செய்துகொண்டு, 1988இல் வெளியான தன் டேடோனா என்னும் கைக்கடிகாரத்தில் அந்த இயந்திரத்தைப் பொருத்தியது. 2000ஆம் ஆண்டு வரை அது தொடர்ந்தது. அந்தக் காலத்து டேடோனாவைச் சேகரிப்பவர்கள் இன்றும் ஜெனித் டேடோனா என்றே தேடி வாங்குகிறார்கள். கடிகாரங்களில் புகழின் உச்சியில் இருக்கும் ஒரு பெயர், பரணில் தப்பிப் பிழைத்த ஓர் இயந்திரத்தை நம்பிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கிறது. பாரம்பரியம் என்று விளம்பரங்கள் சொல்லும்போது தொடங்கிய ஆண்டைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். 1865 என்பது பெருமைக்குரிய ஆண்டுதான், ஆனால் ஜெனித்துக்கு இன்று மதிப்பிருப்பது 1975இல் ஒருவர் அந்த இழை அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது இல்லாதிருந்தால் எஞ்சியிருப்பது விற்கவும் வாங்கவும் கூடிய ஒரு பெயர் மட்டுமே.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் பாயின் கடைக்குப் போனேன். என் தந்தையாரின் கடிகாரத்தைப் போன்ற இன்னொரு செத்த கடிகாரத்திலிருந்து தண்டை எடுத்துப் பொருத்தி, அதை ஓடவைத்திருந்தார். பரணில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டி, கதை முழுவதையும் சொன்னேன். டேடோனாவோ ஏலத்தொகையோ அவர் கவனத்தை ஈர்க்கவில்லை. அந்தக் கறுத்த தகட்டின் படத்தை இரு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும் இப்படி நம்பர் போட்டு வெச்சிருந்தாரா தம்பி?"

"ஆமா பாய். தனியா நோட்டும் எழுதி வெச்சிருந்தாராம்."

தலையசைத்துக்கொண்டு மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழைய ஃபிலிம் ரோல் டப்பாக்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு செத்த கடிகாரத்தின் உறுப்புகள். சிலவற்றின் மூடியில் மட்டும் நீல மையில் பெயர் எழுதியிருந்தது. பெயரில்லாத டப்பாக்களைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.