எதிரோட்டத்தில் ஒரு மே மாத நாள்

பிளேக் மியர் ஏரியும் லங்கோலன் கால்வாயும் ஒட்டியே கிடக்கின்றன. நடுவில் ஒரு கரை, அதன்மேல் ஒரு நடைபாதை, சில மரங்கள், அவ்வளவுதான். முந்தின நாள் இரவு அங்கேதான் படகைக் கட்டியிருந்தோம். காலை ஆறரைக்குக் கண் விழித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மே மாதத்தில் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஐந்து மணி தாண்டியதும் விடிந்துவிடும், இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். அப்பா எனக்கு முன்பே எழுந்து, கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஓடுது பாரும்மா" என்றார்.

கால்வாய்த் தண்ணீர் சும்மா நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மற்ற கால்வாய்களில் பெரும்பாலும் அப்படித்தான். இந்த லங்கோலன் கால்வாய் வேறு மாதிரி. வேல்ஸ் மலையடிவாரத்தில் டீ ஆற்றின் குறுக்கே பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்டு கட்டிய குதிரைலாட வடிவத் தடுப்பணை ஒன்று இருக்கிறது. 1808-இல் முடிந்தது. அங்கிருந்து தண்ணீர் இந்தக் கால்வாய் நெடுக இறங்கி வந்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1944-இல் இதன் சொந்தக்காரரான ரயில்வே கம்பெனி நாடாளுமன்றச் சட்டம் வாங்கி இதைக் கைவிட்ட பிறகும் கால்வாய் தூர்ந்து போகாததற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். 1955-இல் குடிநீருக்கான ஒப்பந்தம் ஏற்பட்டதும் இதன் உயிர் கெட்டிப்பட்டது. படகுக்காக வெட்டிய கால்வாயைக் குடிநீர் காப்பாற்றியிருக்கிறது. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. அன்று முழுக்க அந்தத் தண்ணீருக்கு எதிராகத்தான் எங்கள் பயணம்.

எங்கள் படகு 57 அடி நீளம், அகலம் 6 அடி 10 அங்குலம்தான். படகை ஏற்றி இறக்கும் தண்ணீர் அறைகளுக்கு லாக் என்று பெயர்; இந்த ஊர் லாக்குகள் ஏழடி அகலத்தில் கட்டப்பட்டவை என்பதால் படகுகளுக்கும் அந்த அளவு. நேரோபோட், அதாவது ஒடுக்கமான படகு, என்று பெயர் வந்ததும் அதனால்தான். பின்முனையில் நின்றுகொண்டு சுக்கான் தண்டைப் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் தண்டை வலப்பக்கம் தள்ள வேண்டும். முதல் நாள் இதில் மூளை குழம்பியது. இரண்டாம் நாள் கை தானாகச் செய்தது. உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதையும் குறைத்துவிட வேண்டும். நம் அலை இழுத்தால் அவர்கள் கட்டின முளைகள் பிடுங்கிக்கொள்ளும், அடுப்பில் இருக்கும் கெட்டில் கவிழும்.

எல்ஸ்மியரின் சின்னச் சுரங்கத்தைத் தாண்டி, ஃபிராங்க்டன் சந்திப்பில் மான்ட்கமரி கால்வாய் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டே நேராகப் போனோம். அங்கிருந்து இரண்டு மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இரு கரையிலும் ஹாதார்ன் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. உதிர்ந்த இதழ்கள் தண்ணீர் மேல் பரவி, படகின் மூக்கு பட்டதும் இரண்டாக விலகி, பின்னால் போய் மறுபடி சேர்ந்துகொண்டன. ஒரு நாரை ஐம்பதடி தூரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும். நாங்கள் நெருங்கியதும் பறந்து இன்னொரு ஐம்பதடி தள்ளிப் போய் நிற்கும். இப்படியே ஏழெட்டு முறை. எஞ்சின் சத்தம் பின்னாலேயே நின்றுவிடுகிறது. முன்பக்கத் திண்ணையில் உட்கார்ந்தால் தண்ணீர் சலசலப்பும் ஆட்டுக்குட்டிகளின் கத்தலும் மட்டும்தான்.

நியூ மார்டனில் இரண்டு லாக்குகள். இங்கே ஒரு விஷயம் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. லாக்குக்குள் போகாத மிச்சத் தண்ணீர் பக்கத்தில் ஒரு வழியாக விழுந்து, சரியாக லாக்கின் வாசலுக்குக் கீழே குறுக்காகப் பாய்கிறது. நான் பயந்து பயந்து மெதுவாகக் கொண்டுபோனேன். அந்தப் பாய்ச்சல் படகின் மூக்கைப் பிடித்துத் தள்ளி, சுவரில் 'ணங்' என்று இடித்தது. மேலே நின்றிருந்த ஒரு பாட்டி, "தயங்காதே கண்ணு, கொஞ்சம் விசையோடு வா, தண்ணீர் உன்னை யோசிக்கக் கண்டால் தள்ளும்" என்கிற அர்த்தத்தில் சொன்னார். பின்னால் எடுத்து, மூக்கைத் தண்ணீர் வரும் பக்கம் சற்றே ஏற்றி வைத்து, வேகம் கொடுத்தேன். நூல் பிடித்த மாதிரி உள்ளே போயிற்று. இரண்டு பக்கமும் விரல்கடை இடைவெளி.

மதகு அப்பாவின் பொறுப்பு. விண்ட்லஸ் என்கிற இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்றினால் பல்சக்கரம் 'கட கட கட' என்று ஏறும், அடியில் பலகை தூக்கும். அவர் முதலில் பாதி மட்டும் தூக்கினார். படகு ஆடாமல் நிமிர்ந்தபின் மீதியைத் திறந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு முறை லாக் நிரம்ப ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அது எங்களை அப்படியே மேலே ஏந்திக்கொண்டு வந்தபோது, இருண்ட பாசிச் சுவருக்குள்ளிருந்து முதலில் வெயில், அப்புறம் புல், கடைசியில் அப்பாவின் செருப்பு தெரிந்தது. "மாப்பிள்ளை, மதகைச் சரியா இறக்கியாச்சா பாருங்க" என்று என் கணவரை இரண்டு தடவை அனுப்பிச் சரிபார்த்த பிறகே படகில் ஏறினார்.

கால்வாயையே பள்ளத்தாக்கின் மேலே தூக்கிக்கொண்டு போகும் சர்க் நீர்ப்பாலம் 1801-இல் வந்தது. அதன் மேல் போகும்போதே இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்குகிறது. ஒட்டினாற்போல ரயில் பாலம் நம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. அடுத்து 421 மீட்டர் சுரங்கம். அந்தக் குறுகலில் ஓடும் தண்ணீர் முழுக்க நம் மேலேயே அழுத்துவதால் படகு நகர்கிறதா என்றே சந்தேகம் வரும்.

ஐந்து மணிக்குப் போன்ட்கசில்தே. படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனாலும் கால் கூசியது. டெல்ஃபர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி 1805-இல் திறந்த நீர்ப்பாலம். 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரம். பதினெட்டு கல்தூண்களின் மேல் ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி, அந்தத் தொட்டிதான் கால்வாய். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. படகில் நிற்கும் நமக்கு அந்த விளிம்பே தெரியாது. காலுக்குப் பக்கத்தில் நேராகக் காற்று, கீழே மரங்களின் தலைகள், அதற்கும் கீழே ஆறு.

நான் சுக்கானை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்குப் பயமே இல்லை. காரையில் மாட்டு ரத்தம் கலந்தார்கள் என்று படித்துச் சொன்னேன். "நம்ம பக்கம் கடுக்காயும் வெல்லமும் போட்டாங்க, இவங்களுக்குக் கிடைச்சது இது" என்றார். தூண்களின் மேற்பகுதி பாரம் குறைய உள்ளே வெற்றிடமாக விடப்பட்டது என்றதும், "கெட்டிக்காரன்" என்று ஒரே சொல். பராமரிப்பு வரும்போது பாலத்தின் நடுவே உள்ள ஒரு அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை ஆற்றிலேயே கொட்டிவிடுவார்களாம். அதைக் கேட்டபோது மட்டும் அவர் குனிந்து தொட்டியின் அடியைத் தேடினார்.

ட்ரெவரில் கட்டும்போது ஆறரை மணி. இன்னும் நல்ல வெயில். சாப்பாடு ஆவதற்குள் அப்பாவைக் காணவில்லை. கரையில் பத்து மீட்டரைக் காலடியால் அளந்து, இரு முனையிலும் குச்சி நட்டு, ஹாதார்ன் பூ ஒன்றைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தோடு அதன் கூடவே நடந்துகொண்டிருந்தார். மிதவை வைத்து ஓட்டம் பார்ப்பது அவருடைய பழைய வேலை.

"நாற்பது செகண்ட்" என்றார். "நாளெல்லாம் இதுக்கு எதிராத்தான் வந்திருக்கோம். எங்கே, இன்னொரு பூ குடு, மூணு தடவை பார்க்கணும்."