பட்டியலில் மூன்றாவது பெயர்

அக்டோபர் 19

இன்றும் ஜெபக் குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

அக்டோபர் 21

அவர் இறந்துவிட்டார்; நோயாளிகளுக்காக ஜெபிக்கும் பக்கத்தில் மூன்றாவதாக அவருடைய பெயர் இன்னும் இருக்கிறது. ஏழு மாதங்களாக ஒவ்வோர் இரவும் "சுகம் தாரும்" என்று கேட்டு நான் சொல்லிவந்த பெயர் அது. அதை அடித்துவிட்டால் நானே அவரை வெளியே அனுப்பியதாகிவிடும். விட்டுவைத்தாலோ, இனி எதைக் கேட்டு அந்தப் பெயரைச் சொல்வேன்? நேற்றிரவு இரண்டாவது பெயரோடு நிறுத்தி, சற்று நேரம் பேசாமலிருந்து, நான்காவது பெயருக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 22

ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், விசுவாசிகள் அழக்கூடாது என்று அப்போஸ்தலன் பவுலை மேற்கோள் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் பவுல் எழுதிய 1 தெசலோனிக்கேயர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறதே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. அதே பவுல், மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்த தம் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைப் பிலிப்பியருக்கு எழுதும்போது, தமக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அவன் இறந்திருந்தால் பவுலும் துக்கித்திருப்பார் என்றுதானே அதற்குப் பொருள்? இதை எண்ணி ஆறுதலடைந்தேன். பிறகு, எப்பாப்பிரோதீத்துவுக்குக் கிடைத்த இரக்கம் இவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது, புத்தகத்தை மூடிவிட்டேன்.

அக்டோபர் 25

யோவான் சுவிசேஷம், 11ஆம் அதிகாரம். "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் சொல்கிறாள். பின்னால் வரும் மரியாளும் அதையே சொல்கிறாள். லாசரு கல்லறையில் கிடந்த அந்த நான்கு நாட்களும் இரு சகோதரிகளும் இதைத்தான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் வேறெதையும் சொல்லவில்லையே. கடைசி நாளில் அவன் உயிர்த்தெழுவான் என்பது மார்த்தாளுக்குத் தெரிந்தேயிருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்பது இயேசுவுக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் அவர் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழ வேண்டியதில்லை என்றால், அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் அழ வேண்டியிராத முதல் ஆள் அவர் அல்லவா?

அக்டோபர் 28

கோபமாக இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தை மட்டும் படித்தேன். அது இருளிலேயே முடிகிறது.

அக்டோபர் 31

387ஆம் ஆண்டு ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியாவில் மரணப்படுக்கையில் இருந்த மோனிக்கா, இறையியலாளர் அகஸ்டினின் தாய், தம் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் கவலையில்லை, கர்த்தருடைய பீடத்தண்டையில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். அடக்கத்தின்போது கண்ணீரை அடக்கிக்கொண்ட அகஸ்டின், பிறகு தனிமையில் அழுதார். கத்தோலிக்கர் இறந்தோருக்காக மன்றாடுகிறார்கள். நான் வளர்ந்த சபையில் இறந்தோருக்காக நன்றி சொல்வோமே தவிர, அவர்களுக்கென்று எதையும் கேட்பதில்லை. இதுவரை இந்த வேறுபாடு எனக்கு வெறும் உபதேச விஷயமாக இருந்தது. இப்போது ஒவ்வோர் இரவும் இரண்டாவது பெயருக்கும் நான்காவது பெயருக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

நவம்பர் 2

ஆராதனையில் இவ்வாண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தோரின் பெயர்களை வாசித்தார்கள். அவருடைய பெயர், முன்பின் அறியாத ஒருவருடைய பெயரைப்போல என் காதில் விழுந்தது. அழுகை வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வீடு திரும்பிய பிறகு மகதலேனா மரியாளை நினைத்தேன். உயிர்த்தெழுந்த இயேசு எதிரே நின்று பேசியும் அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணியவள், அவர் "மரியாளே" என்று பெயர் சொல்லி அழைத்தபோதுதான் அறிந்துகொண்டாள். பெயரை அவர் சொல்ல வேண்டும். நாங்கள் வாசிப்பது அதுவரைக்கும்தான்.

அதன்பின் வெகுநேரம் அழுதேன்.

நவம்பர் 3

இரவு ஜெபத்தில் மூன்றாவது பெயரையும் சொன்னேன். பழக்கத்தில் என் நாவு "சுகம் தாரும்" என்று முடித்துவிட்டது. நான் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.