பிட்டும் சோறும் இல்லாத எட்டு மாதங்கள்

கடந்த தை மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எனது எச்.பி.ஏ.1சி அளவு 8.6 என்று வந்தது. பதினொரு ஆண்டுகளாக நீரிழிவோடு இருக்கிறேன்; கிளினிக் கொப்பியில் ஆண்டுக்கு ஆண்டு மாத்திரைகள் கூடினவே தவிர அந்த எண் இறங்கியதில்லை. அதனால், நாளொன்றுக்கு உட்கொள்ளும் மாச்சத்தை 50 கிராமுக்குள் அடக்கும் உணவுமுறைக்கு மாறினேன். அதைத் தொடங்கிய விதத்தில் நான் செய்த தவறு உயிராபத்தில் முடிந்திருக்கக்கூடும் என்பதால், முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அப்போது மெற்போமின், கிளிக்கிளசைட் ஆகிய இரண்டு மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டிருந்தேன். மெற்போமின் தனியே எடுக்கப்படும்போது இரத்தத்திலுள்ள சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்கிளசைட் அப்படியல்ல, நாம் சோறு சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். வைத்தியரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் உணவை மட்டும் மாற்றி, மாத்திரைகளை வழமைபோல் விழுங்கினேன். மூன்றாம் நாள் முற்பகல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கை நடுங்கியது; சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்தது; எதிரில் நின்றவரின் முகம் மங்கிப்போனது. மரக்கறி விற்ற அம்மா, "ஐயா, இதிலை இருங்கோ" என்று சாக்கொன்றை விரித்து என்னை இருத்தி, பக்கத்துக் கடையிலிருந்து சீனி கூடப் போட்ட தேநீர் வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்து விரலில் குத்திச் சீனியைப் பார்த்தபோதும் குறைவாக, 64 தான் காட்டியது. மறுநாள் வைத்தியர் கிளிக்கிளசைட்டை நிறுத்தி, சிறுநீரகத்துக்கும் கொழுப்புக்கும் பரிசோதனை எழுதித் தந்தார். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கோ, சீனி பெரிதாக ஏறாமல் இருக்கும்போதே கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீற்றோன் அமிலம் இரத்தத்தில் கூடிவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே வைத்தியரைக் கேட்காமல் ஒருவரும் இதில் இறங்க வேண்டாம் என்று இரந்து கேட்கிறேன்.

மாச்சத்தைக் குறைக்கும் இந்த உணவுமுறையை இணையத்தில் பிறந்த புதுப்பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1921 இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற வைத்தியர் வலிப்பு நோய்க்காக இத்தகைய உணவை முன்வைத்தார். இன்சுலின் கிடைப்பதற்கு முந்திய காலத்தில் நீரிழிவுக்கு வைத்தியர்கள் சொன்ன வழியும் மாச்சத்தைக் குறைப்பதுதான்.

எங்கள் ஊரில் 50 கிராம் என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதைக் கணக்குப் பார்த்த பின்னரே உணர்ந்தேன். நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. மத்தியானம் நாங்கள் கோப்பையில் போடுவதோ அதைப்போல் மூன்று மடங்கு. காலையில் பிட்டும் இரவில் இடியப்பமும் அரிசிமாவோ கோதுமைமாவோதான். "சலரோகத்துக்குக் குரக்கன் நல்லது" என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் உண்டு. குரக்கனில் (கேழ்வரகில்) நாரும் கல்சியமும் கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் நூறு கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவுக்கு மாச்சத்து இருப்பதால் இந்தக் கணக்கில் அதற்கும் இடமில்லை. உலர்த்திய பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் அப்படியே. அதில் காய்ச்சும் கூழை விட்டதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது. அது கொழுப்பு அன்று. ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோசன் என்ற மாச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவாகும்போது நீரும் வெளியேறும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாகக் கழித்துவிடுகிறது. முதல் பத்து நாட்களும் என்னை வாட்டிய தலையிடிக்கும் சோர்வுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். வைத்தியர் சம்மதித்த பின் உப்பிட்ட மோர் குடித்தேன், தணிந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதையும் கேட்டே செய்ய வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது சுறா வறை. அவித்த சுறாவின் தோலை நீக்கி, உதிர்த்து, நீரைப் பிழிந்து, மஞ்சளும் உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, வெங்காயம், பச்சைமிளகாய், பெருஞ்சீரகம் தாளித்த நல்லெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வறுத்தால், அது பிட்டைப் போலவே உதிரியாக வரும். அதற்கு மேல் சொதியை விட்டுக் குழைத்துச் சாப்பிடலாம். பிட்டுக்காக ஏங்கிய கை அதில் ஓரளவு அடங்கியது. மற்ற நாட்களில் பாசையூர் மீன், முட்டை, முருங்கையிலை வறை, பொரித்த பாவற்காய், நுணுக்கி அரிந்த கோவா (முட்டைக்கோஸ்). சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால்தான் சங்கடம். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை அடுப்பிலிருந்து இறக்கியபடி, "தம்பி, கொஞ்சமெண்டாலும் சாப்பிடன்" என்று மாமி கேட்கும்போது மறுப்பது அவவை நோகடிப்பதாகவே எனக்குப் பட்டது. இப்போது போவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.

நல்லூர்த் திருவிழா வந்தபோது புதிய சோதனை. இருபத்தைந்து நாட்களும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை; முட்டையும் இல்லை. மீனை நம்பியிருந்த எனக்குத் தயிரும் கீரையும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போதவில்லை. வீதியில் விற்ற வறுத்த கச்சான் (நிலக்கடலை) கைகொடுத்தது. நூறு கிராமில் நார் நீங்கலாக 12, 13 கிராம் மாச்சத்துத்தான். ஆனால் கையில் சரை இருந்தால் நிறுத்துவது கடினம். ஆகவே வீட்டில் தராசில் நிறுத்து, 40 கிராமாகப் பிரித்து வைத்தேன்.

எடை 81 கிலோவிலிருந்து 72க்கு வந்தது. ஆனி மாதத்தில் எச்.பி.ஏ.1சி 6.5. எடையை மட்டும் எண்ணி இதைத் தொடங்குபவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்பது எனக்கு ஐயமே. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் எடை இறங்கியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நான் இதைத் தொடர்வது சீனிக்காக.

ஆயினும் எனது எல்.டி.எல் என்னும் கெட்ட கொழுப்பு 112இலிருந்து 149க்கு ஏறிவிட்டது. தேங்காய்ப்பாலும் பட்டரும் அளவு மீறியிருந்தன என்று வைத்தியர் சொன்னார். பட்டரை நிறுத்திவிட்டேன், முதற்பாலுக்குப் பதிலாக இரண்டாம் பாலில் சொதி வைக்கிறோம். ஐப்பசியில் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். அப்போதும் இறங்கவில்லையென்றால் கொழுப்புக்கு மாத்திரை தொடங்குவதற்குச் சம்மதித்திருக்கிறேன்.