அம்மாவோடு கிராண்ட் லேக்: போகுமுன் எழுதிய குறிப்புகள்

ஆகஸ்ட் 1, 2024

காலை எட்டு மணிக்கு முன்பே மடிக்கணினியோடு உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் செப்டம்பர் மாத நுழைவு அனுமதிக்கு இன்றுதான் பதிவு. கட்டணம் 2 டாலர்தான். ஆனால் அது இல்லாமல் காலை 9 முதல் மதியம் 2 வரை உள்ளே விடமாட்டார்கள். செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமைக்குக் கிடைத்துவிட்டது. 19ஆம் தேதிக்கு எடுக்கவில்லை. அன்று ஒன்பதுக்கு முன்பே உள்ளே போய்விடுவோம், அனுமதி தேவையில்லை.

ஆகஸ்ட் 4

டென்வரில் யாரைக் கேட்டாலும் பூங்காவுக்குக் கிழக்கே இருக்கும் எஸ்டெஸ் பார்க் ஊரில் தங்கு என்கிறார்கள். எனக்கு மலைக்கு மேற்கே இருக்கும் கிராண்ட் லேக் ஊர்தான் வேண்டும். கொலராடோவின் மிகப் பெரிய இயற்கை ஏரியின் கரையிலேயே இருக்கிறது, பூங்காவின் மேற்கு வாசலும் பக்கம். கூட்டமும் குறைவு. அம்மா காலையில் காபியோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். ஏரி தெரிகிற மாதிரி, படியேற வேண்டாத ஒரு கேபின் மூன்று இரவுக்குப் பதிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 17

ஜூலையில் வந்த புதிதில் அம்மா பருப்பைப் பாத்திரத்திலேயே வேகவைத்தாள். ஒரு மணி நேரமாகியும் மசியவில்லை. கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, "இந்த ஊர்த் தண்ணிக்குச் சூடே ஏறலையேடி" என்றாள். அவள் சொன்னது சரிதான். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. டென்வரில் சுமார் 95 டிகிரி. 8,369 அடி உயரத்தில் இருக்கும் கிராண்ட் லேக்கில் 92கூட வராது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது.

அதனால் மூன்று லிட்டர் குக்கர் கட்டாயம் வரும். கேஸ்கட் ஒன்று உபரியாக. இங்கேயே வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விடுகிறாள், அங்கே இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 2

என் கவலையெல்லாம் உயரம்தான். அம்மா இதுவரை ஏறிய பெரிய மலை கொடைக்கானல், சுமார் 7,000 அடி. பூங்காவின் குறுக்கே மலைமேல் போகும் ட்ரெயில் ரிட்ஜ் ரோட்டின் உச்சி 12,183 அடி. போகிற வழியில் உள்ள பெர்த்தூட் கணவாயே 11,307 அடி. வயது 68, பிரஷர் மாத்திரை வேறு. இன்று டாக்டரிடம் அழைத்துப்போனேன். இரண்டு மாதமாக டென்வரில் இருப்பது நல்லது என்றார். முதல் நாள் அலையக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தலைவலியோ குமட்டலோ வந்தால் யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

சரி, 18ஆம் தேதி முழுக்க ஏரிக்கரை மட்டும். ஆடம்ஸ் அருவிகூட (அரை கிலோமீட்டர் நடைதான்) 19ஆம் தேதி சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 8

பழைய படங்களை நம்பிப் போகக்கூடாது. 2020 அக்டோபரில் ஈஸ்ட் டிரபிள்சம் என்ற காட்டுத்தீ கிராண்ட் லேக் ஊரையே காலி செய்ய வைத்தது, 1,90,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பூங்காவின் மேற்குப் பக்கக் கவுனீச்சி பள்ளத்தாக்கில் கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. காற்று அடித்தால் அவற்றின் கீழே நடக்கக்கூடாது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதே பள்ளத்தாக்கில்தான் கொலராடோ நதி ஓடை மாதிரி ஓடுகிறது. கிராண்ட் கேன்யனைக் குடைந்த நதியை இங்கே நாலு எட்டில் தாண்டிவிடலாம். அதை அம்மாவுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

செப்டம்பர் 12

போன வருஷம் பொறுக்கிய ஆஸ்பென் இலை டைரிக்குள் கிடந்தது. மஞ்சள் கொஞ்சம் மங்கியிருக்கிறது. காம்பு உருண்டையாக இல்லை, நாடா மாதிரி தட்டை. அதனால்தான் லேசான காற்றுக்கும் மரம் முழுக்கப் படபடக்கிறது. அம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்மூர் அரசமரம் இப்படித்தான் சலசலக்கும்" என்றாள். செப்டம்பர் கடைசிக்குள் அந்த மஞ்சள் உச்சத்துக்கு வந்துவிடும். அக்டோபர் நடுவில் ட்ரெயில் ரிட்ஜ் ரோட்டையே பனிக்காக மூடிவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது நடுவில் உள்ள இந்தச் சில நாட்கள்தான்.

செப்டம்பர் 17

மூட்டை கட்டியாயிற்று. ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், ஃபிளாஸ்க், புளியோதரைப் பொடி, குக்கர். 20ஆம் தேதி காலை பத்துக்குள் ட்ரெயில் ரிட்ஜ் உச்சிக்குப் போய்விட வேண்டும். மத்தியானம் அங்கே இடி இறங்கும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

19ஆம் தேதி விடியலில் எல்க் மான்கள். இது அவை இணைசேரும் காலம். ஆண் மானின் குரல் அடித்தொண்டையில் தொடங்கிச் சீழ்க்கையாக மேலே ஏறும். 75 அடிக்குள் நெருங்கக்கூடாது, காருக்குள்ளிருந்தே கேட்கப்போகிறோம். போனில் போட்டுக் காட்டவா என்று கேட்டேன்.

"வேணாம்டி, அங்கேயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அலாரத்தை நாலரைக்கு வைக்கச் சொன்னாள். அது நாளைக்கு இல்லை, நாளை மறுநாள்தான் என்றேன். இருந்தாலும் வை என்றாள்.