8000 சுற்றில் இரண்டாம் கியர்

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கராஜுக்கு வரும் வாகனங்களில் பெரும்பாலானவை உழவு இயந்திரங்களும் நெல் ஏற்றும் சிறு லொறிகளும் மணல் புழுதியில் நிறம் மாறிப்போன வான்களுமே. ஆனால் அண்மைய ஆண்டுகளில் வேறொரு வகை வாகனமும் வரத் தொடங்கியிருக்கிறது. இருபத்தைந்து, முப்பது வயதான ஹொண்டா சிவிக், இன்ரெக்ரா, ரொயோட்டா லெவின் போன்ற கார்களை வன்னி இளைஞர்கள் சிலர் தேடி வாங்கி, பாகம் பாகமாகச் சேர்த்துப் புதுப்பித்து ஓடுகிறார்கள். இந்தக் கார்களின் எஞ்சின்கள் சிறியவை; ஆனால் மிக வேகமாகச் சுழல்பவை. சிவிக் டைப் ஆர் ஈகே9 காரில் இருக்கும் பி16பி எஞ்சின் 1,595 சீசீ கொள்ளளவே உடையது. அது தன் முழு வலுவான 185 குதிரைவலுவை நிமிடத்துக்கு 8,200 சுற்றில்தான் தருகிறது. லெவினில் வரும் இருபது வால்வு 4ஏ-ஜிஈ எஞ்சின் 7,800 சுற்றில் 165 குதிரைவலு தருவது. இந்த எஞ்சின்கள் இவ்வளவு மேலே போய்த்தான் உயிர் பெறுகின்றன என்பதால், கியர் மாற்றமும் அந்த உயரத்திலேயே நடந்தாக வேண்டும்.

இவற்றை ஓட்டுபவர்கள் கொண்டுவரும் முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றேதான். "அண்ணை, மெதுவா ஓடேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. முதலாம் கியரில நல்லா இழுத்துப்போட்டு ரெண்டாவதுக்குப் போட்டால் கறகற எண்டுது. கியர் பொக்ஸை மாத்துவமா?" என்று கேட்பார்கள். மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லும்போது சிலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். ஆனால் இந்த வேலையில் இத்தனை காலம் இருந்து நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: உயர்ந்த சுற்றில் கியர் விழ மறுப்பதற்கான காரணம் பெரும்பாலும் கியர் பொக்ஸின் உள்ளே இல்லை. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். பெட்டியைத் திறப்பது கடைசி வேலை.

மெதுவாக ஓடும்போது சரியாக இருப்பது ஏன் 8,000 சுற்றில் மட்டும் தகராறு செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஈகே9 காரின் முதலாம் கியர் விகிதம் 3.230, இரண்டாம் கியரின் விகிதம் 2.105. முதலாம் கியரில் 4,000 சுற்றில் மாற்றினால், எஞ்சினின் சுழற்சியைக் கியர் பொக்ஸுக்குள் கொண்டுவரும் உள்நுழை தண்டு ஏறக்குறைய 2,600 சுற்றுக்கு இறங்க வேண்டும், வேறுபாடு 1,400. அதையே 8,000 சுற்றில் செய்தால் தண்டு 5,200 சுற்றுக்கு இறங்க வேண்டும், வேறுபாடு 2,800. இந்த வேறுபாட்டைத் தின்று தீர்ப்பது சிங்க்ரோ வளையம் என்ற சிறு உராய்வு வளையம். பெரும்பாலும் பித்தளையால் ஆன அந்த வளையம் கியரின் கூம்பு முகத்தில் அழுந்தி, உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிய பிறகுதான் பற்கள் பற்களுக்குள் நுழையும். வேக வேறுபாடு இரு மடங்கானால் அந்த வளையம் தாங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகிறது. அதே வேலையை, அவசரப்படும் கையின் அழுத்தத்தின் கீழ், மிகக் குறுகிய நேரத்தில் அது செய்து முடிக்க வேண்டும். ஆகவே சிங்க்ரோவின் சுமையைக் குறைப்பது ஒன்றுதான் உண்மையான முன்னேற்றம். கையின் வேகத்தைக் கூட்டுவது முன்னேற்றமல்ல.

நான் முதலில் பார்ப்பது கிளச். கிளச் பெடலை முழுதாக மிதித்த பிறகும் கிளச் தட்டு, எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரமான பிளைவீலில் சிறிதளவு ஒட்டிக்கொண்டிருந்தால், சிங்க்ரோ வளையம் உள்நுழை தண்டை மட்டுமல்ல, எஞ்சினையே இழுத்து நிறுத்தப் பார்க்கிறது. அது நடக்காத காரியம். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காரின் முன் சக்கரங்களை ஸ்ராண்டில் உயர்த்தி வைத்து, கிளச்சை அடிவரை மிதித்து, முதலாம் கியரைப் போட்டு, எஞ்சினின் சுற்றை மெதுவாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஐட்லிங்கில் அசையாமல் நிற்கும் சக்கரம் மூவாயிரம் சுற்றில் உறுதியோடு சுழலத் தொடங்கினால் கிளச் விடவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். கியரில் இருக்கும் காரை இப்படி உயர்த்தி இயக்கும்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை போடுவதும், முன்னால் எவரையும் நிற்க விடாததும் கட்டாயம்.

காரணம் பல இடங்களில் இருக்கலாம். அநேகமாக நான் காண்பது, பெடலின் அழுத்தத்தைக் கிளச்சுக்குக் கடத்த மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து சிலேவ் சிலிண்டருக்குப் போகும் பிறேக் ஒயில் பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருப்பதைத்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேர உலோகம் அரிக்கும், ரப்பர் சீல்கள் கெடும். பிளீடர் திருகைத் திறந்ததும் வெளியே வருவது சாயம் ஏறிய பிளேன்ரீ போல இருந்தால், மேற்கொண்டு எதையும் யோசிக்காமல் முழுவதையும் வெளியேற்றிப் புதியது நிரப்ப வேண்டும். ரப்பர் குழாய் ஊதுகிறதா என்று ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, ஆடி ஆவணியில் உறவினர் வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்பட்டு மற்ற மாதங்களில் தகரக் கொட்டிலில் நிற்கும் கார்கள் இங்கே பல இருக்கின்றன. அவற்றில் உள்நுழை தண்டின் ஸ்பிளைன், அதாவது தட்டு வழுக்கி நகரும் நீளப் பற்கள், காய்ந்து துருவேறி, கிளச் தட்டு அதன்மேல் வழுக்கி நகர மறுக்கிறது. அதைச் சுத்தம் செய்து, உரிய கிறீஸை மிகச் சிறிதளவு, விரல் நுனியால் தடவிய அளவு மட்டும் பூச வேண்டும். அதிகமாகப் பூசினால் அது தட்டின் மேல் தெறித்து வேறொரு பிரச்சினையைக் கொண்டுவரும்.

அடுத்தது எஞ்சின் மவுண்டுகள், அதாவது எஞ்சினைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் ரப்பர் தாங்கிகள். இதைப் பலர் கியர் மாற்றத்தோடு சேர்த்துப் பார்ப்பதேயில்லை. இந்தச் சிவிக்கில் கியர்த் தடியிலிருந்து கியர் பொக்ஸுக்கு இரும்புத் தண்டுகள்தான் போகின்றன. தடி காரின் உடலோடு நிற்கிறது; கியர் பொக்ஸ் எஞ்சினோடு ஆடுகிறது. மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தால், முழு இழுவையிலிருந்து காலை எடுத்த அந்தக் கணத்தில் எஞ்சின் முழுவதும் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் சாய்கிறது. கை தடியை இரண்டாம் கியருக்குக் கொண்டுவரும் அதே நேரத்தில் கியர் பொக்ஸ் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓடும்போது இந்தச் சாய்வு சிறிது. அதனால்தான் அப்போது தெரிவதில்லை. பொனற்றைத் திறந்து, கைப்பிறேக்கையும் கால்பிறேக்கையும் பிடித்தபடி ஒருவர் முதலாம் கியரிலும் றிவேர்ஸிலும் கிளச்சைச் சற்றே விட்டுப் பார்க்க, பக்கத்தில் நின்று கவனித்தால் கிழிந்த மவுண்ட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தண்டின் முனைகளில் இருக்கும் புஷ்களும் இப்படித்தான். ஒவ்வொன்றிலும் உள்ள சிறு தளர்வு தடியின் நுனிக்கு வரும்போது பெரிதாகிவிடுகிறது.

இந்த இடத்தில் எனக்குத் தொழில் கற்பித்த பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், வன்னிக்குள் உதிரிப்பாகமும் எரிபொருளும் வராதபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி வாகனங்களை ஓடவைத்த தலைமுறை அவருடையது. பழைய ரயரில் வெட்டிய புஷ்களைப் போட்டு லொறிகளை ஓட்டினார்கள். முதலாம் கியருக்குச் சிங்க்ரோவே இல்லாத பழைய லொறிகளில் அவர் கியர் மாற்றும்போது சத்தமே கேட்காது. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, எஞ்சினின் சுற்றை அடுத்த கியருக்குத் தேவையான அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் மிதித்துப் போடுவார். உடைந்தால் மாற்றப் பாகம் இல்லை என்ற நிலையில் அந்தப் பொறுமை அவர்களின் கையில் படிந்திருந்தது. அந்த அறிவு ஓட்டப் போட்டிக் காருக்குத் தேவையில்லை என்று நினைப்பவர்கள், அதே கால்வேலைதான் பழைய பந்தயக் காரோட்டிகளும் செய்தது என்பதை அறிய வேண்டும்.

குறிப்பாகக் கியரை இறக்கும்போது இது உயிர்நாடி. 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றாம் கியரில் ஏறக்குறைய 3,500 சுற்றில் போகும் ஈகே9, இரண்டாம் கியருக்கு இறங்கும்போது 5,000 சுற்றுக்கு உயர வேண்டும். நியூட்ரலைக் கடக்கும்போது கிளச்சை ஒருமுறை விட்டு அக்சிலறேற்றரைத் தட்டினால், அந்த 1,500 சுற்றை எஞ்சினே ஏற்றிக்கொடுத்துவிடும். சிங்க்ரோவுக்கு வேலை ஏறக்குறைய இல்லை. கிளச்சை மிதித்தபடியே அக்சிலறேற்றரைத் தட்டுவது எஞ்சினை மட்டும் உயர்த்தும். கிளச்சை விடும்போது கார் குலுங்காது, ஆனால் சிங்க்ரோவின் சுமை அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டை நான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

பாரம் குறைந்த பிளைவீல் போட்டால் கறகறப்பு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்தது. கிளச் சரியாக விடும்போது பிளைவீல் எஞ்சின் பக்கத்தில் தனியே நிற்கிறது. அதன் பாரம் சிங்க்ரோவைத் தொடுவதில்லை. எஞ்சின் சுற்று விரைவாக இறங்குவதால் கிளச்சை விடும் கணம் மென்மையாகும், அவ்வளவுதான். சிங்க்ரோவோடு சேர்ந்து சுழல்வது கிளச் தட்டு. ஆகவே பாரமான தட்டுப் போட்ட காரில் கியர் விழச் சிரமப்படுவது இயல்பே. தடியின் தூரத்தைக் குறைக்கும் குட்டைத் தடிகளையும் நான் விரும்பிப் பரிந்துரைப்பதில்லை. தூரம் குறையும்போது கையின் பலம் அதே அளவு கூடுதலாகத் தேவைப்படுகிறது, சிங்க்ரோவுக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

ஒயில் பற்றி இங்கே அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் தடிப்பான 90 அல்லது 140 ஒயில் விட்டுப் பழகிய கைகள், ஹொண்டாவின் பெட்டிக்கும் அதையே விட்டுவிடுகின்றன. அந்தக் கால ஹொண்டா கியர் பொக்ஸ்களுக்கு நிறுவனம் சொன்னது தனது எம்ரிஎஃப் என்ற கியர் பொக்ஸ் ஒயிலை. அது கிடைக்காதபோது தற்காலிகமாக 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயிலை. அவ்வளவு மெல்லிய ஒயிலுக்காக அமைக்கப்பட்ட பெட்டி அது. ஜிஎல்-5 தர ஒயில்கள் பின் அச்சின் ஹைப்பொயிட் கியர்களுக்காகக் கந்தகம், பொஸ்பரஸ் கலவைகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டவை. அவற்றில் சில பித்தளையை அரிக்கும். அதைவிட முக்கியமாக, சிங்க்ரோவுக்கு வேண்டிய உராய்வையே வழுக்கலாக்கிவிடும். முன் சக்கர இழுவைக் காரின் பெட்டிக்குள் ஹைப்பொயிட் கியரே இல்லாதபோது அந்தக் காப்பு யாருக்காக? ஊற்ற வேண்டியது ஏறக்குறைய 2 லீற்றர்தான். அதில் மிச்சம் பிடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இவையெல்லாம் செய்த பின் ஓடிப் பார்க்க ஏ9 வீதிதான் எங்களுக்கு இருக்கிறது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மாங்குளம் பக்கம் திரும்பினால் நேரான வீதி, இருபுறமும் காடு, எந்த நேரத்திலும் குறுக்கே வரக்கூடிய மாடுகள். ஊர்மனைகளுக்கு வெளியே காருக்கான வேக எல்லை 70 கிலோமீற்றர். ஈகே9 முதலாம் கியரில் 8,000 சுற்றைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய 62. மிகக் கடினமான அந்த ஒரு மாற்றத்தை, எல்லைக்குள் நின்று, வீதி வெறுமையாக இருக்கும் காலைப்பொழுதில் சோதித்துவிடலாம். இரண்டாம் கியரில் அதே சுற்றுக்குப் போனால் 95 ஆகிவிடும். அதைப் பொதுவீதியில் செய்ய நான் எவருக்கும் உடன்படுவதில்லை. அதற்குக் கட்டுக்குருந்தை போன்ற ஓடுதளங்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புவது ஒன்று: மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது தடியை உள்ளங்கையால் நேரே கீழே இழுங்கள், பக்கவாட்டில் வலிக்காதீர்கள். மூன்றாம் கியரில் 8,000 சுற்றில் இருக்கும்போது தவறி இரண்டாம் கியர் விழுந்தால் எஞ்சின் 11,500 சுற்றுக்கு இழுக்கப்படும். எரிபொருளைத் துண்டிக்கும் எல்லைக் கருவி அப்போது உதவாது. எஞ்சினைச் சுழற்றுவது அப்போது பெற்றோல் அல்ல, சக்கரங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கறகறப்பு நிற்கவில்லையென்றால்தான் பெட்டியைத் திறக்கிறேன். சிங்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருப்பிப் பார்த்தால் அது பற்றிக்கொள்ள வேண்டும், வழுக்கினால் தேய்ந்துவிட்டது. வளையத்துக்கும் கியருக்கும் இடையில் பீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுச் சுற்றிவர அளந்து சேவைக் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். வளையத்தை மட்டும் மாற்றி, கியரோடு பற்களைப் பூட்டும் சிலீவ் முனை மழுங்கியிருக்க அதையே திரும்பப் போட்டால் புதிய வளையமும் விரைவில் போய்விடும். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இந்தப் பழைய கார்களின் மதிப்பு ஏறியதோடு, அவற்றின் நல்ல பாகங்களும் அரிதாகிவிட்டன. கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் தேடினாலும் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் சிலீவ் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. இருக்கும் பெட்டியைத் திறக்காமல் காப்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திறக்காமலே உள்ளே பார்க்க ஒரு வழி உண்டு. வடித்த ஒயிலை வெள்ளைப் பாத்திரத்தில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது இரும்புத் தூள். மெல்லியதாக இருந்தால் அது வழமையான தேய்மானம், துண்டுகளாக இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அது ஒயிலிலேயே பொன்தூளாக மிதந்து மினுங்கும். கிளச்சையும் மவுண்டையும் சரிசெய்த காரில் புதிய ஒயில் ஊற்றி, 1,000 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் வடித்துப் பார்க்கக் கொண்டுவரச் சொல்கிறேன். அந்த மினுக்கம் முந்தியதைவிடக் குறைந்திருந்தால் பெட்டி தன் வேலையைத் தொடர விடலாம்.