பேன் சீப்பு, ஃபியூஸ் கம்பி, இஸ்திரிப் பெட்டி: அலிப்பூர் கூண்டு ஒருவழியாக நின்றது

அலிப்பூர் கோர்ட் அறையைக் குட்டி மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன், அதில் நாலாவது முறையாகச் செய்த கூண்டின் முதல் பக்கம் நின்றுவிட்டது. மூன்று மாதமாக என்னை அழவைத்த கம்பி வலை, போன ஞாயிறு மதியம் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. பெஞ்சு, மேசை, தரைப் பலகை எல்லாம் நீங்களும் செய்கிறதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காக, அலிப்பூர் செஷன்ஸ் கோர்ட் அறை. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு கல்கத்தா கோர்ட் எதற்கு என்று மாமா கேட்டார். 1910 ஏப்ரல் 4 அன்று இங்கே கப்பலில் வந்து இறங்கிய அரவிந்தர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கின் 1909 மே 6 தீர்ப்பில் விடுதலையாகும்வரை அந்த அறையில்தான் குற்றம்சாட்டப்பட்டவராக உட்கார்ந்திருந்தார் என்றேன். "அப்படியா?" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

குற்றவாளிக் கூண்டு என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இடுப்பளவு மரத் தடுப்பைத்தான். இது நிஜமாகவே கூண்டு. முப்பதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே உட்காரவைத்துக் கம்பி வலை அடித்திருந்தார்கள். துப்பாக்கி முனையில் கத்தி செருகிய போலீஸ் அறை முழுக்க நின்றது. பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய சக குற்றவாளி நரேன் கோஸாயினை 1908 ஆகஸ்ட் 31 அன்று சிறை ஆஸ்பத்திரியிலேயே சக கைதிகள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். செஷன்ஸ் விசாரணை தொடங்கியது அந்த அக்டோபரில்.

சரி, வலைக்கு வருகிறேன். ஒரு மில்லிமீட்டர் கண் வைத்தால் நிஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். முதலில் ஜன்னல் கொசுவலை: பார்க்கிற எல்லாருக்கும் அது கொசுவலையாகவே தெரிந்தது. அடுத்து அலுமினிய வலை: சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயப் பற்று) ஒட்டவே ஒட்டாது, பசை போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. பித்தளை வலை என்று ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் போய் ஒட்டிக்கொண்டது. பித்தளை நிறம் பூசிய இரும்பு! திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

மூன்றாவது முறை காயில் கட்டும் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பி வாங்கி நானே ஒவ்வொரு சந்தியாகச் சால்டர் வைத்தேன். ஒன்றைச் சுட்டால் பக்கத்தில் இருப்பது கழன்றது. நாற்பது சந்தி தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது. போதாததற்கு வீடு கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் கம்பி கறுத்து, ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்கத் தடவுகிற பசை) மிச்சம் இருந்த இடமெல்லாம் பச்சை பூத்தது.

அப்புறம்தான் அம்மாவின் மரப் பேன் சீப்பு கண்ணில் பட்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் ஒரு மில்லிமீட்டர்! காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அதே மாதிரி நாலு வாங்கி, ஒரு பழைய டைல்ஸின் நாலு பக்கமும் ஆணியடித்த சட்டத்தில் பொருத்தினேன். பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம், உருகிவிடும். செம்புக்குப் பதில் ஃபியூஸ் கம்பி. ஏற்கெனவே வெள்ளீயம் பூசியது என்பதால் சுரண்டுகிற வேலை மிச்சம். அதை உருகிய சால்டர் துளிக்குள் ஒருமுறை இழுத்தெடுத்து மெல்லிசாகப் பூச்சு ஏற்றினேன். சீப்புப் பல்லிடுக்கில் கம்பியை மாட்டி நெடுக்கில் ஒரு வரிசை, குறுக்கில் ஒரு வரிசை, பின்னவே இல்லை, மேலே மேலே படுக்கவைத்ததுதான். ஃபிளக்ஸ் தடவி, பட்டர் பேப்பர் போட்டு, இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். 60/40 சால்டர் (அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் உருகிவிடும், பெட்டி அதற்கு மேலேயே போகும். அவசரப்பட்டுப் பெட்டியை எடுத்தால் அத்தனையும் நகரும். ஈரத் துணியால் பெட்டியின் முதுகில் ஒத்தி, ஆறிய பிறகுதான் தூக்க வேண்டும்.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடது கீழ் மூலையில் ஏழெட்டு சந்தி மட்டும் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் சுண்டினால் டிங் என்கிறது. உடனே வெந்நீரில் கழுவி வார்னிஷ் அடித்துவிட்டேன், உப்புக் காற்றுக்கு இனி வேலை இல்லை.

இன்னும் இரண்டு பக்கம் பாக்கி. அதற்குள் புத்தி நார்ட்டன் மேசைக்குப் போய்விட்டது. அரசுத் தரப்புக்கு வந்த எர்ட்லி நார்ட்டன் நம் மதராஸ் பாரிஸ்டர். விசாரணை முழுக்கக் குண்டு போட்ட ஐந்து அறை ரிவால்வரைத் தன் வழக்குக் கட்டின் மேலேயே வைத்திருந்தார். என் அளவில் அது ஒரு சென்டிமீட்டர். ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசித் தலையும் வைத்து இரண்டு செய்தேன், ஒன்று மின்விசிறிக் காற்றில் பறந்துபோய் இன்றுவரை கிடைக்கவில்லை. பக்கத்தில் ஒரு துண்டுக் கடிதமும் வைக்கப்போகிறேன். இனிப்புகள் தயாராக இருக்க வேண்டும் என்று அரவிந்தருக்கு அவர் தம்பி பாரின் எழுதியதாக அரசுத் தரப்பு நீட்டிய கடிதம். இனிப்பு என்றால் வெடிகுண்டு என்றது அரசு, கடிதமே போலி என்று வாதாடினார் அரவிந்தரின் வக்கீல் சித்தரஞ்சன் தாஸ்.

நீதிபதி பீச்கிராஃப்ட் பொம்மைக்கு முகம்தான் சரியாக வரவில்லை. 1890 ஐ.சி.எஸ். தேர்வில் கிரேக்கத்தில் அரவிந்தர் முதல், இவர் இரண்டாவது. அந்த ஆள் கூண்டைப் பார்க்கிற பார்வையை ஒரு சென்டிமீட்டர் முகத்தில் கொண்டுவர எனக்குத் தூரிகை போதவில்லை. பூஜ்ஜியம் நம்பருக்குக் கீழே எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இது முடிந்ததும் சங்கர செட்டியார் வீட்டு மேல்மாடி, அதாவது அரவிந்தர் இங்கே வந்ததும் முதலில் தங்கிய இடம். அதில் கம்பி வலை கிடையாது என்பதே பெரிய நிம்மதி. இப்போதைக்கு அடுத்த ஞாயிறு இரண்டாவது பக்கம். வேறு இஸ்திரிப் பெட்டி வாங்க வேண்டும், அம்மாவின் பருத்திப் புடவையில் நேற்று சால்டர் கோடு விழுந்துவிட்டது.